இரண்டு கிழமைக்குள் வர முடியுமா?

என் மனைவி என் வீட்டில் வசிக்கவில்லை என்று ஒரு பெண் பதிந்துகொண்டு போனாள். பிழை அவளுடையது அல்ல. நான் சொன்ன பதில்களைத்தான் பதிந்தாள். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தில், அவளுக்கென்று அடுப்பில் வைத்த கோப்பியை அவளுக்குக் கொடுக்காமல் நானே குடித்துவிட்டேன்.

நான் இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்து, இன்னொரு தீவுக்கு வந்து சேர்ந்தவன். சனி, ஞாயிறுகளில் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல் உதவிக்கு நிற்பேன். மற்ற நாட்களில், கூப்பிட்டால், வேறொரு வேலை. வீடு வீடாகப் போய், யார் வேலை செய்கிறார்கள், யார் வேலை தேடுகிறார்கள் என்று கேட்டுப் பதிகிற பெண் ஒருத்திக்கு, தமிழ் வீடுகள் வரும்போது மொழிபெயர்க்கக் கூடப் போவேன். அவள் பலெர்மோக்காரி, என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். இத்தாலியில் பட்டம் எடுத்த பெண்கள் எல்லோரும் தொத்தொரெஸ்ஸா தானே, நானும் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். இந்தத் தீவில் வேலை எப்படி, தொழில்கள் எப்படி என்று அவளுடைய அலுவலகம் வருடா வருடம் ஒரு புத்தகம் போடும்.

வியா மக்வேதா வழியாக நடக்கும்போது அவள் கதைத்துக்கொண்டே வருவாள். அந்தப் புத்தகத்துக்கு விபரங்கள் எங்கிருந்து வருகின்றன என்று அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. யாரை வேலைக்கு எடுத்தோம், யாரை நிறுத்தினோம் என்று முதலாளிமார் அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டும், அது ஒரு வழி. கடை, பட்டறை, படகு, ஹோட்டல் என்று தொழில் நடத்துகிறவர்கள் எல்லோரும் ஒரு பதிவில் இருக்கவேண்டும், அது இன்னொரு வழி. இந்த இரண்டிலும் அகப்படாத சனத்தைப் பிடிப்பதற்குத்தான் சீட்டுக் குலுக்குகிற மாதிரி வீடுகளைத் தெரிந்தெடுத்து, கதவைத் தட்டி, ஆட்களிடமே கேட்பது.

"சனம் பொய் சொன்னால்?" என்று கேட்டேன்.

"முதலாளிமார் மட்டும் சொல்லமாட்டார்களா?" என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் சனம் பொய் சொல்வது குறைவு. ஆனால் கேள்வியை அவர்கள் விளங்கிக்கொள்கிற விதம் வேறு. பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில், மன்னாரிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. போன கிழமை, அந்த ஏழு நாளில், ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா என்பது கேள்வி. நான் தமிழில் கேட்டேன்.

"வேலையோ? இல்லை அண்ணை. சும்மா ரெண்டு வீடு துடைக்கிறன்."

தொத்தொரெஸ்ஸா என் முகத்தைப் பார்த்தாள். நான் என்னத்தை மொழிபெயர்ப்பது? துடைக்கிறது வேலை இல்லையாம். கடுதாசி போட்டு, கட்டவேண்டியதைக் கட்டி, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது எடுத்துக் காட்டக்கூடியதுதான் எங்கள் ஆட்களுக்கு வேலை. மற்றதெல்லாம் சும்மா. அந்தச் சும்மாவில் இடுப்பு முறிந்துபோகும், அது வேறு கதை.

இன்னொன்று, இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்ற கேள்வி. ஜெர்மனியில் இருக்கிற மகனையும் சேர்த்துச் சொல்வார்கள். பிரான்சில் கட்டிக்கொடுத்த மகளையும் சேர்ப்பார்கள். "அவன் இஞ்சைதான் தம்பி, இப்ப ஒரு அலுவலாப் போயிருக்கிறான்" என்பார்கள். போய் எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். எனக்குப் பொறுமை குறைவு. "இஞ்சை படுத்தெழும்புற ஆக்களை மட்டும் சொல்லுங்கோ அக்கா" என்று கத்துவேன். இரண்டாவது கட்டளை ஒன்றும் வைத்திருந்தேன். ஒருவரைக் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கக்கூடாது. புருஷன்மார்தான் பெண்சாதிக்குப் பதிலாகச் சொல்ல ஓடி வருவார்கள். "நீங்கள் பேசாமல் இருங்கோ அண்ணை, அவவைத்தான் கேக்கினம்" என்று அடக்கிவிடுவேன். தொத்தொரெஸ்ஸாவுக்கு அதில் பெரிய திருப்தி.

என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். நகரத்தின் மற்றப் பக்கத்தில் வயதான சிஞ்ஞோரா ஒருவரை, ஒரு இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அங்கேயே தங்கி, அங்கேயே படுத்து, சிஞ்ஞோரா இருமினால் எழும்பிப் பார்க்கவேண்டும். ஃபிஸ்ஸா என்பார்கள் இங்கே. வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் லீவு. ஞாயிறு நான் ஸ்ஃபெர்ராகவால்லோவில் மட்டிச் சிப்பி கழுவிக்கொண்டு நிற்பேன். அவள் வீட்டுக்கு வந்து, மாதா கோயில் பூசைக்குப் போய், சமைத்து, கறிச்சட்டியை மூடிவைத்துவிட்டு, நான் திரும்புவதற்கு முன் பஸ் ஏறிவிடுவாள். சட்டி இன்னும் சூடாக இருக்கும். எனக்கு மிஞ்சியது வியாழக்கிழமைதான்.

வியாழன் மத்தியானத்திலிருந்து பஸ் தரிப்பிடத்தில் போய் நிற்பேன். "உங்களுக்கு வேறை வேலை இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே இறங்குவாள். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, மகளோடு ஃபோனில் கதைத்துவிட்டு, கதிரையில் இருந்தபடியே தூங்கிப்போவாள். கிழமை முழுக்க அவளுக்குச் சொல்லவென்று சேர்த்து வைத்த கதைகள் எனக்குள்ளேயே கிடக்கும். எழுப்ப மனம் வராது. கடலுக்கு அப்பால் இருக்கிறவளை நினைத்து ஏங்கினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருக்கிற பெண்சாதியை நினைத்து ஏங்குகிறவனை என்னவென்று சொல்வது? வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்வதில்லை. ஏங்கினேன், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் குலுக்கலில் எங்கள் வீடு விழுந்தது.

கதவைத் தட்டியது அதே தொத்தொரெஸ்ஸா. அன்றைக்கு நான் மொழிபெயர்ப்பாளன் அல்ல, வீட்டுக்காரன். கோப்பியை அடுப்பில் வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் இருந்தேன். டாப்லட்டைத் திறந்து, என்னைத் தெரியாதவள் மாதிரி முறைப்படி தொடங்கினாள்.

"இந்த வீட்டில் யார் யார் வசிக்கிறீர்கள்?"

"நானும் என் மனைவியும். மகள் இத்தாலியின் வடக்கே படிக்கிறாள், அவளை விடுங்கள்."

"மனைவி எங்கே?"

"வேலையில்."

"எத்தனை மணிக்கு வருவார்?"

"வியாழக்கிழமை வருவாள்."

அவளுடைய விரல் நின்றுவிட்டது. பல்லரோவில் நான் எத்தனை பேரை அடக்கினேன் என்று அவளுக்கும் நினைவு வந்திருக்கவேண்டும், எனக்கும் வந்தது. ஆனாலும் விடவில்லை. கொடியில் காயும் என் மனைவியின் சட்டையைக் காட்டினேன். வாசலில் கிடந்த செருப்பைக் காட்டினேன். மிளகாய்த்தூள் போத்தலில் அவள் எழுதி ஒட்டிய எழுத்தைக்கூடக் காட்டினேன். தொத்தொரெஸ்ஸா மேலதிகாரிக்கு ஃபோன் எடுத்துக் கதைத்தாள். கிழமையில் பெரும்பாலும் அங்கேதான் படுக்கிறார் என்றால் அங்கேதான் வசிக்கிறார், சிஞ்ஞோராவின் வீடு குலுக்கலில் விழுந்தால் அங்கே பதியலாம் என்று பதில் வந்ததாம்.

"அப்போ நான் ஆர்? ஒண்டிக்கட்டையோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பிறகு இத்தாலியனில் கேட்டேன்.

"ஒரு ஆள் குடும்பம்" என்றாள், குரலைத் தாழ்த்தி. பாவம், அவளுக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. "முதலாளிமார் அனுப்பும் அறிவித்தலில் உங்கள் மனைவி கட்டாயம் இருப்பார், சிஞ்ஞோரே. வீட்டு வேலை, அங்கேயே தங்குபவர் என்று. தொழில் பதிவில் இருக்கமாட்டார், வீடு தொழில் இல்லைத்தானே. இங்கே மட்டும்தான் என்னால் போட முடியாது."

ஊரில் உள்ள பதிவுகளில் எல்லாம் அவள் இருந்துவிட்டுப் போகட்டும், என் வீட்டில் இல்லை என்றல்லவா எழுதுகிறார்கள். அப்போதுதான் கோப்பியைக் குடித்தேன். வியாழக்கிழமை பஸ்ஸால் இறங்கியவளிடம் முறைப்பாடு சொன்னேன்.

"உம்மை இந்த வீட்டிலை இல்லையெண்டு எழுதிப்போட்டினம்."

"அதுக்கு அந்தப் பிள்ளையிலை ஏன் கோவிக்கிறியள்? உண்மையைத்தானே எழுதினது" என்றாள். சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

சிஞ்ஞோரா வசந்தகாலத்தில் இறந்துபோனார். வயது முதிர்ந்து, என் மனைவியின் கையைப் பிடித்தபடி போன சாவு. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். சொந்தப் பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார்கள், இவள்தான் விக்கி விக்கி அழுதாள். இரண்டு பையோடு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சாவு வீட்டிலிருந்து வருகிறவன் சந்தோஷப்படக்கூடாது, தெரியும். பஸ்ஸில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வந்தவள் பாதிதான் வந்தாள் என்று பிறகுதான் கண்டேன். காலையில் யன்னல் கதவைச் சத்தம் வராமல் மெல்ல மெல்லத் திறந்தாள், யாரோ தூங்குகிற மாதிரி. எனக்குக் கறியில் உப்பைக் குறைத்துப் போட்டாள். ஆப்பிளைப் பல்லில்லாதவருக்கு வெட்டுகிற மாதிரிக் கண்ணாடிபோல் மெல்லிசாக வெட்டி வைத்தாள். சந்தைக்குச் சேர்ந்து போனால் வலது கையை மடித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சிஞ்ஞோரா தொங்கிக்கொண்டு வருகிற கை அது. எட்டி நடக்கக்கூடியவள், கிழவியின் நடையில்தான் நடந்தாள். இத்தனை வருடம் எனக்குக் கிடைக்காததெல்லாம் எங்கே போனது என்று அப்போது கண்ணால் பார்த்தேன். கோபப்பட ஆளில்லை, இருந்தவரும் செத்துப்போனார்.

பைகளில் ஒன்றைப் பிரித்து அடுக்கினாள். மற்றதைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள், அது அங்கேயே இருந்தது. ஞாயிறு பூசை முடிய, கோயில் பெண்கள் அவளைச் சுற்றி நின்று கதைத்ததை மகள் ஃபோனில் எனக்குச் சொன்னாள், தாய் அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். எங்கேயோ ஒரு வயதான சோடிக்கு ஆள் தேவையாம், தங்கி நிற்கவேண்டுமாம். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாளாம்.

என்ன யோசித்தீர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். மகளின் படிப்பு இருக்கிறது, வாடகை இருக்கிறது, நியாயம் முழுக்கப் போவதன் பக்கம்தான். காலையில் எழும்பி முதலில் கதவுக்குப் பின்னால் பார்ப்பேன், பை இருக்கும். பிறகு குசினியைப் பார்ப்பேன், அவளும் இருப்பாள். அதோடு அன்றைய பொழுது போகும். நாள் முழுக்க வாய் ஓயாமல் அலட்டுகிறவன், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நாட்களில்தான் தொத்தொரெஸ்ஸா மறுபடியும் வந்தாள். குலுக்கலில் விழுந்த வீட்டை ஒருதரம் கேட்டதோடு விடமாட்டார்கள். சில மாதம் கழித்து வந்து அதே கேள்விகளைக் கேட்பார்கள், அப்போதுதான் என்ன மாறியது என்று தெரியும்.

"போனமுறைக்குப் பிறகு வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா?"

"ஓம், என் மனைவி" என்றேன். தொத்தொரெஸ்ஸா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். தொத்தொரெஸ்ஸா கேட்டாள், போன கிழமை ஒரு மணித்தியாலமாவது ஊதியத்துக்கு வேலை செய்தீர்களா. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் தொடங்கினேன். தொடங்கினதுதான், அதற்குள் அவள் நேரே இத்தாலியனில் சொல்லிவிட்டாள், இல்லை என்று. சொல்லோடு நிற்கவில்லை. சிஞ்ஞோராவைப் பற்றி, கடைசி நாட்களைப் பற்றி, வார்த்தைகளின் வாலை இழுத்து இழுத்து, பழைய பலெர்மோக் கிழவிகள் கதைக்கிற மாதிரிக் கதைத்தாள். தொத்தொரெஸ்ஸாவே, "எங்கள் மாமி மாதிரிக் கதைக்கிறீர்கள், சிஞ்ஞோரா" என்றாள். நான் ஊர் முழுக்க மொழிபெயர்த்துத் திரிகிறவன். என் பெண்சாதிக்கு நான் தேவைப்படவில்லை. இந்தக் குரல் எந்தக் குசினியில், எந்தப் பின்னேரங்களில் அவளுக்குள் வந்து குடியேறியது? ஒரு பின்னேரத்துக்கும் நான் அங்கே இல்லை.

"கடந்த நாலு கிழமைக்குள் வேலை தேடினீர்களா?"

"நான் தேடவில்லை. வேலைதான் என்னைத் தேடி வருகிறது."

"அப்படியென்றால், ஒரு வேலை வந்தால் இரண்டு கிழமைக்குள் உங்களால் தொடங்க முடியுமா?"

பல்லரோவில், மக்வேதாவில், எத்தனையோ வீடுகளில் என் வாயால் நானே கேட்ட கேள்வி. பதில் என்னவாக இருந்தாலும் எனக்கென்ன என்று அடுத்ததுக்குப் போய்விடுவேன். இப்போது அப்படிப் போக முடியவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த பையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி தொத்தொரெஸ்ஸாவைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள். தமிழில் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ. என்ன சொல்லட்டும்?"

பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கக்கூடாது. என் சொந்தச் சட்டம். தொத்தொரெஸ்ஸாவும் விரலைத் தூக்கி, "சிஞ்ஞோரே, அவரைத்தான் கேட்கிறேன்" என்றாள்.

"இரும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தரம் சொன்னேன். "நீர் போகவேண்டாம். இஞ்சை இரும். பிள்ளையின்ரை படிப்புக்கு நான் இன்னொரு குசினி பாக்கிறன். எனக்கு ஏலாதப்பா, உம்மைப் பாக்காமல் இனி ஏலாது."

"என்ன சொல்கிறார்?" என்று தொத்தொரெஸ்ஸா கேட்டாள்.

"ஒன்றுமில்லை. கோப்பி பொங்கப்போகுதாம்" என்றாள் என் மனைவி. அடுப்பில் கோப்பியே இல்லை. கையைத் துடைத்த துணியை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, "இல்லை. இரண்டு கிழமைக்குள் முடியாது" என்றாள்.

"காரணம்? குடும்பக் காரணமா?"

"ஓம்."

"பிள்ளையா, வயதானவரா, சுகமில்லாதவரா? யாரைப் பார்த்துக்கொள்ளவேண்டும்?"

என் மனைவி நாடியை என் பக்கம் நீட்டி என்னைக் காட்டினாள்.

தொத்தொரெஸ்ஸா பதறிப்போனாள். "ஏன், உங்களுக்கு என்ன சிஞ்ஞோரே? சுகமில்லையா?"

"அவருக்கு ஒன்றுமில்லை. நல்ல சுகம்" என்றாள் இவள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வருடக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. என்னத்தைப் பதிவது என்று தெரியாமல் தொத்தொரெஸ்ஸா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விளங்கியிருக்கவேண்டும், டாப்லட்டில் எதையோ அமத்தினாள்.

கேள்விகள் முடிந்தன. வேலையும் செய்யாமல், வேலையும் தேடாமல், வரவும் முடியாமல் இருப்பவரை அந்தப் புத்தகத்தில் செயலற்றவர் என்று போடுவார்கள் என்று தொத்தொரெஸ்ஸா சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நானோ?" என்றாள் என் மனைவி. "விடிஞ்சதிலையிருந்து நிண்ட நிலையிலை நிக்கிறன், என்னையோ?" எழும்பிப் போய் உண்மையாகவே கோப்பி போட்டாள். இந்தமுறை தொத்தொரெஸ்ஸாவுக்கும் கிடைத்தது.

புத்தகம் வெளிவந்தபோது தொத்தொரெஸ்ஸா வியா மக்வேதாவில் ஒரு கடை வாசலில் நின்று எனக்குப் பிரித்துக் காட்டினாள். நிறம் தீட்டிய படங்கள், கோடுகள். ஒரு கோட்டில் விரலை வைத்து, "பாருங்கள், வேலைக்கே வராமல் வீட்டில் இருக்கிற பெண்கள் எங்கள் தீவில் எவ்வளவு பேர். எங்களுக்கு இது வெட்கம்" என்றாள். அவள் சொல்வது நியாயம். அந்தக் கோட்டுக்குள் வேலை கிடைக்காமல் களைத்துப்போன பெண்கள் இருப்பார்கள், பிள்ளையை விட்டுவர இடமில்லாதவர்கள் இருப்பார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் அவளுடைய விரலுக்குக் கீழே எங்கோ என் மனுசி இருந்தாள், முதல்முறையாக என் வீட்டில் வசிப்பவளாக. விரலை எடுக்கமாட்டாளா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் இன்னொரு குசினி பார்த்தேன். இப்போது பின்னேரங்களிலும் சட்டி கழுவுகிறேன். முன்பு அவள் கதிரையில் தூங்கினாள், இப்போது நான் தூங்குகிறேன். கண் விழித்தால் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். மடித்த கை மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிட்டது. கறியில் உப்பும் திரும்பிவந்தது.

எங்கள் வீட்டை இப்போது கொஞ்சக் காலம் விட்டுவிடுவார்களாம், பிறகு வந்து திரும்பவும் கேட்பார்களாம். அதே கேள்விதான், இரண்டு கிழமைக்குள் வர முடியுமா என்று. கோயில் பெண்கள் இன்னும் அவளோடு கதைக்கிறார்கள். மகள் போன கிழமை ஃபோனில் எதற்கோ தயங்கினாள், செலவாகத்தான் இருக்கும். கதவுக்குப் பின்னால் அந்தப் பை இன்னும் இருக்கிறது. அவள் சந்தைக்குப் போயிருந்தபோது திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் எப்போதோ எடுத்து அடுக்கிவிட்டாள். வெறும் பைதான், ஆனால் எறியவில்லை. மூடி, இருந்த மாதிரியே வைத்தேன்.